அவரின்ரை அறை

நான் முப்பத்தொரு வருடங்களாகக் குடியிருக்கும் வீடு என் வீடல்ல. அது என் மனைவியின் சீதன வீடு. அதற்கு முன் மாமியின் சீதனம், அதற்கும் முன் மாமியின் அம்மாவின் சீதனம். மலாயாவில் உழைத்துவிட்டு வந்த ஒருவர் அளவெட்டிப் பக்கம் ஒரு வளவு வாங்கி, நடுவில் முற்றமும் நாலு பக்கமும் அறைகளுமாக ஒரு நாற்சார் வீட்டைக் கட்டி மகளுக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து வீடு பெண்களோடு நிற்கிறது, ஆண்கள்தான் வெளியிலிருந்து வந்து சேருகிறோம். வந்து சேர்ந்தவன் சும்மா இருப்பானா? உறுதிப் பத்திரத்தில் பெயர் இல்லாத குறையைச் சுவரில் தீர்த்துக்கொள்வான்.

முதலாவது மருமகன், அதாவது மாமியின் தகப்பனார், ஸ்டேசன் மாஸ்டர். அவர் முன் விறாந்தையை உடைத்து ஒரு போர்ட்டிக்கோ வைத்தார். உருண்டைத் தூண்கள், அரைவட்ட வளைவுகள், வாசலுக்கு வலப்பக்கம் மரக் கம்பி போட்ட ஒரு சின்ன யன்னல். அந்த யன்னல் எதற்கு என்று யாருக்கும் தெரியாது. புதிதாக வருகிறவர்கள் இன்றைக்கும் அதற்கு முன்னால் கொஞ்சம் தயங்கி நிற்பார்கள். உள்ளே போக டிக்கற் எடுக்க வேண்டுமோ என்ற யோசனை முகத்தில் தெரியும்.

இரண்டாவது மருமகன் என் மாமனார். காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை ஓடிய காலத்தில் அங்கே வேலை பார்த்தவர். அந்த மனிதருக்குச் சீமெந்தில் இருந்தது விருப்பம் அல்ல, பக்தி. மழை வந்தால் முற்றம் நனைகிறது என்று கண்டுபிடித்து, முற்றத்துக்கு மேலே கொங்கிறீற் பிளேற் போட்டு மூடினார். முற்றம் என்றால் நனையத்தானே வேண்டும் என்று சொல்ல அப்போது நான் அந்த வீட்டில் இல்லை. மூடிய முற்றத்தின் ஒரு மூலையில், எழுத்து வேலைக்கென்று தனக்கு ஒரு கந்தோர் அறை கட்டினார். உள்ளே மேசை சீமெந்து, தட்டு சீமெந்து, சுவரோடு சேர்த்து இருக்கக் கட்டிய வாங்கும் சீமெந்து. கதிரை மட்டும் மரம். பிளேற் போட்ட பிறகு வீட்டுக்குள் காற்று என்பது பேச்சுக்குக்கூட இல்லை. சித்திரை வெயிலுக்கு உள்ளே இருப்பதும் தோசைக்கல்லில் இருப்பதும் ஒன்றுதான்.

மூன்றாவது மருமகன் நான். மானிப்பாயிலிருந்து வந்தவன், கணக்கு வாத்தியார், இப்போது ஓய்வு. கலண்டர் கொழுவ ஆணி அடித்ததைத் தவிர அந்த வீட்டுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. நான் செய்யப்போனது ஒரே ஒரு வேலை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அதற்கு முதல் மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமிக்கும் எனக்கும் நேர்ப்பேச்சு இல்லை. கோபதாபம் ஒன்றும் கிடையாது. மாமியார் மருமகனோடு முகம் பார்த்துக் கதைப்பதில்லை என்பது அந்தக் காலத்து வழக்கம். கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார், மகள் மருமகனிடம் சொல்வாள். மற்ற வீடுகளில் கலியாணம் முடிந்து ஆறு மாதத்தில் இது தானாகக் கரைந்துவிடும். எங்கள் மாமி விடாப்பிடிக்காரி. நான் ஒரு முழத் தூரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

"பிள்ளை, அவருக்கு இன்னும் புட்டு வேணுமோ எண்டு கேள்."

"போதும் எண்டு சொல்லும்" என்பேன் நான்.

"போதுமாம் அம்மா" என்பாள் மனைவி, தன் சாப்பாட்டிலிருந்து தலை நிமிராமலே. அவள் படிப்பிக்கப் பள்ளிக்கூடம் போன நேரத்தில் மாமிக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் வீட்டுப் பூனையிடம் சொல்வார். "அவருக்குக் கடிதம் வந்திருக்கு, மேசையிலை வைச்சிருக்கிறன்." பூனை என்னைப் பார்க்கும். நான் போய்க் கடிதத்தை எடுப்பேன்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மாமி தன் புருசனின் பெயரையும் வாயால் சொல்லமாட்டார். அவரும் "அவர்", நானும் "அவர்". மாமனார் உயிரோடு இருந்தவரையில் எனக்கு ஊற்றிய தேத்தண்ணியை அவரும், அவருக்குக் காய்ச்சிய கசாயத்தை நானும் குடித்த நாட்கள் உண்டு. அவர் காலமான பிறகு அந்தச் சொல் முழுக்க எனக்கே வந்துவிட்டது என்று நினைத்தேன். அது என் தவறு. மாமி தொடர்ந்து இரண்டு பேருக்கும் அதையே பாவித்தார்.

போன மாரியில் மாமி விழுந்தார். எங்கள் கக்கூஸ் வளவின் அந்தத் தொங்கலில், வேலியோரம் இருந்தது. மழைக்கு வழி பாசி பிடித்துக் கிடந்தது. வலது முழங்கால் பிசகி, ஆசுபத்திரியில் கிடந்து, பொல் ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் மனைவி கைத்தாங்கலாகக் கூட்டிப்போக வேண்டும். மாமி எவரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர். என்ன செய்தார் தெரியுமா? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். தேத்தண்ணிக் கோப்பை பாதியோடு ஆறிக்கிடக்கும். முதலில் நான் கவனிக்கவில்லை. டொக்டர் கேட்ட பிறகுதான் விளங்கியது. ஒரு மனுசி கக்கூஸுக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார், நான் அதே வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கனடாவில் இருக்கும் மச்சாள், மனைவியின் தங்கை, வீடியோவில் வந்து சட்டம் போட்டாள்.

"அத்தான், கோயில் திருவிழாவுக்கு நான் வாறன். அதுக்கிடையிலை வீட்டுக்குள்ளை பாத்ரூம் கட்டி, அம்மா தன்பாட்டிலை போய்வாறதை நான் கண்ணாலை பாக்கோணும். இல்லாட்டில் கொழும்பிலை ஒரு நல்ல முதியோர் இல்லம் பாத்து வைச்சிருக்கிறன், அங்கைதான் விடுவன். பிறகு என்னோடை கதைக்கக்கூடாது."

மாமி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பின்னேரம் மனைவியிடம் மெதுவாகக் கேட்டாராம், "பிள்ளை, கொழும்பிலை அந்த இடத்திலை கிணறு இருக்குமோ?"

அடுத்த நாளே நான் மேசனைக் கூப்பிட்டேன். மேசன் வந்து, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். இடம் காட்டச் சொன்னார். அங்கேதான் பிடித்தது சனியன். வடகிழக்கில் சாமி அறை, அதை நினைக்கவே கூடாது. தென்கிழக்கில் குசினி, அதோடு ஒட்டிக் கக்கூஸ் என்றால் மாமி அடுத்த நாளே சமைக்கமாட்டார். போர்ட்டிக்கோவில் கட்டலாம் என்று மேசன் சொன்னார். அந்தச் சின்ன யன்னல் ஏற்கெனவே தயாராக இருக்கிறது என்பது அவருடைய கருத்து. மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அவர் பென்சிலை மற்றக் காதுக்கு மாற்றினார். மாமி இருந்து எழும்பும் அறையிலிருந்து பதினைந்து அடிக்குள் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. பதினைந்து அடிக்குள் எல்லாப் பக்கமும் ஏதோவொரு தெய்வமோ அடுப்போ நின்றது.

மூன்றாம் நாள் மாமியிடமிருந்து தீர்ப்பு வந்தது. மனைவி ஒரு சொல் மாறாமல் கொண்டுவந்தாள்.

"அம்மா சொல்லுறா, 'அவரின்ரை அறையிலை கட்டினால் ஆருக்கும் கரைச்சல் இல்லை எண்டு சொல்லு' எண்டு."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மாமனாரின் கந்தோர் அறையை மாமி பத்து வருடமாகக் கூட்டித் துடைத்துப் பூட்டி வைத்திருந்தார். அதையே விட்டுக்கொடுக்கிறார் என்றால் எந்த அளவுக்குக் கொழும்புக்குப் பயந்திருக்க வேண்டும்? மனைவி கண்ணைத் துடைத்தாள். "அம்மா பாவம்" என்றாள். வேறு அறையாக இருக்கலாமோ என்று நான் யோசிக்காமல் இல்லை. கணக்கு வாத்தியார் அல்லவா, நிறுவினேன். எனக்கு அந்த வீட்டில் அறை என்று ஒன்று இல்லை. பக்க விறாந்தையின் மூலையில் ஒரு அலுமாரியைத் திருப்பி வைத்து, அதற்குப் பின்னால் மேசை போட்டிருக்கிறேன். அது அறையல்ல. ஆகவே அறை என்றால் மாமனாரின் அறை. நிறுவல் முடிந்தது.

தூசு ஆகாதென்று மாமியை மானிப்பாயில் என் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டோம். பத்து நாள் உடைத்தோம். மாமனாரின் சீமெந்து மேசை ஒன்றுக்கு மட்டும் இரண்டு நாள் போனது. மேசனின் கூலியாட்கள் ஒருவர் மாறி ஒருவர் அலவாங்கைப் போட்டுவிட்டு வந்து என்னிடம், "மாஸ்டர், உந்த மனிசன் மேசைக்குள்ளை என்னத்தை வைச்சு வார்த்தவர்?" என்று கேட்டார்கள். அந்த மூலைக்கு மேலே இருந்த பிளேற்றில் கம்பி துருப்பிடித்து உதிரத் தொடங்கியிருந்ததால் அதையும் இறக்க வேண்டியதாயிற்று. பாத்ரூமுக்கு மட்டும் ஓடு போட்டோம். மிச்சம் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு வானம் திறந்தபடி கிடந்தது. காசு வந்ததும் மூடலாம் என்று விட்டுவிட்டேன்.

மாமி திரும்பி வந்தார். பொல்லை ஊன்றி உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேசனோடு கதைக்க அவருக்குத் தடையில்லை.

"மேசன், உதென்ன? அவரின்ரை அறை எங்கை?"

"நீங்கள் சொல்லித்தானே அம்மா உடைச்சது."

"நான் சொன்னது உந்த அவரின்ரை அறையை" என்று மாமி பொல்லைத் தூக்கி நீட்டினார். பொல் என் அலுமாரிக்குப் பின்பக்கத்தைக் காட்டியது. "உதுக்குள்ளை கிடக்கிற குப்பையை ஒதுக்கிப்போட்டு, அதிலை கட்டச் சொன்னனான்."

எனக்கு இரண்டு அடி ஒரே நேரத்தில் விழுந்தது. செத்துப்போன மனிதரின் அறையைத் தரைமட்டமாக்கிவிட்டேன் என்பது ஒன்று. என் முப்பது வருடத்துப் பரீட்சை வினாத்தாள்கள் குப்பை என்பது மற்றது. எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. மனைவியைப் பார்த்தேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டப் போனேன். தோள் குலுங்கிய விதத்தில் அது அழுகை இல்லை.

இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. புட்டு வேணுமா என்ற கேள்வியும் இல்லை. பூனைகூட என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டது. இனி மாமி தானாகவே கொழும்புக்குப் போகிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன். மூன்றாம் நாள் காலை எழும்பி வந்து பார்த்தால், மாமி ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தத் திறந்த இடத்துக்குக் கீழே இருக்கிறார். வேப்பமரத்துக் காற்று நேரே இறங்கிக்கொண்டிருந்தது. மனைவி தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள். முழுக் கோப்பையையும் குடித்தார்.

"நாப்பது வருஷமாய் உந்தப் பிளேற்றுக்குக் கீழை வெந்தனான் பிள்ளை. அவரிட்டை ஒருக்கால் சொன்னனான். சீமெந்து இறுகுமட்டும் பொறு எண்டார்."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "உதை மூடவேண்டாம் எண்டு சொல்லு" என்றார். நான் அலுமாரிக்குப் பின்னால் இருந்தபடியே ஓம் என்றேன்.

வேலை மறுபடி தொடங்கியது. இப்போது வேறு கரைச்சல். பாத்ரூம் என்றால் ஆயிரம் அளவு வேண்டும். கொமட் எவ்வளவு உயரம், கைபிடி எந்தப் பக்கம், வாளி எங்கே. இதையெல்லாம் மாமியிடம் யார் கேட்பது? மருமகன் மாமியாரிடம் கேட்கக்கூடிய விசயமா இது? மனைவியைத் தூது போகச் சொன்னேன். "எனக்கு வெக்கமாய் இருக்கு, நீங்களே அளந்துகொள்ளுங்கோ" என்றாள். ஆகவே மாமி கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, அவர் லேசாக எழும்பக்கூடிய கதிரை எது என்று யோசித்து, அதன் உயரத்தை ரேப்பால் அளந்துகொண்டிருந்தேன். நான் நினைத்ததைவிடச் சுறுக்காக மாமி திரும்பி வந்துவிட்டார்.

"அவர் என்னத்துக்குக் கதிரையை அளக்கிறார்?" என்று பூனையிடம் கேட்டார். பூனை பேசாமல் இருந்தது. நானும் பேசாமல் ரேப்பைச் சுருட்டினேன்.

கைபிடி விசயத்தில் மேசனுக்கும் எனக்கும் பெரிய சண்டை. மாமிக்கு வலது கால்தான் ஏலாது, ஆகவே கைபிடி வலப்பக்கம் என்றேன். "உள்ளுக்குப் போகேக்கை வலம் மாஸ்டர், திரும்பி இருந்தால் அது இடம்" என்றார் மேசன். ஒரு மேசன் எனக்குக் கேத்திரகணிதம் படிப்பிப்பதா? எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தரையில் சும்மா வைத்திருந்த கொமட்டில், வேட்டியை மடித்துக்கொண்டு நானே இருந்து காட்டினேன். கதவு இன்னும் போடவில்லை. சரியாக அந்த நேரம் திருவிழா நோட்டீஸ் துண்டு கொடுக்கக் கோயில் ஐயர் உள்ளே வந்தார். நான் எழும்பவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் அங்கிருந்தபடியே கும்பிட்டேன். ஐயர் துண்டைச் சின்ன யன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மேசன் சொன்னதுதான் சரி.

இவ்வளவிலும் கதவு விசயத்தில் மட்டும் நான் இறங்கிப்போகவில்லை. மேசன் பிளாஸ்ரிக் கதவு போடலாம் என்றார். இந்த வீட்டுக்குப் பிளாஸ்ரிக் கதவோ? போர்க்காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வீட்டில் கதவு, யன்னல் கதவு ஒன்றும் மிஞ்சவில்லை. நெல் அறையின் பாலை மரக் கதவு மட்டும் நின்றது. கழற்றியவர்கள் தூக்க ஏலாமல் விட்டிருக்க வேண்டும். அதைத்தான் போட வேண்டும் என்று நின்றேன். "மாஸ்டர், உதைத் திறக்க ரெண்டு பேர் வேணும்" என்றார் மேசன். நான் கேட்கவில்லை. எனக்கும் இந்த வீட்டில் ஒன்று இருக்கவேண்டும் என்ற நப்பாசைதான், வேறென்ன.

மச்சாள் வரும் நாளும் வந்தது. வாடகை வானில் ஏறிவிட்டாள், மத்தியானத்துக்குள் வந்துவிடுவாள். மனைவி பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். முதல் நாள் பெய்த மழையில் கதவு கொஞ்சம் ஊதியிருந்தது. அதை நான் கவனித்தேன், காய்ந்துவிடும் என்று நினைத்தேன். மாமி பொல்லோடு தன்பாட்டில் எழும்பிப் போய், உள்ளே நுழைந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளையும் போட்டார். ஒரு துணையும் இல்லாமல் போகிறாரே என்று விறாந்தையில் இருந்த எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளே இரும்பு இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு பொல்லால் தட்டும் சத்தம்.

"பிள்ளை."

பிள்ளை கடையில்.

"பூனை" என்று மாமி கூப்பிட்டார்.

பூனை என் காலடியில் படுத்திருந்தது. நான் எழும்பிப் போய்க் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"மாமி, நான் நிக்கிறன். தாழ்ப்பாள் இறுகிப்போச்சோ?"

உள்ளேயிருந்து, சுவருக்குச் சொல்வதுபோல, "இறுகிப்போச்சு எண்டு அவருக்குத் தெரிஞ்சால் நல்லது" என்றார்.

"கதவைக் கொஞ்சம் மேலை தூக்கிப் பிடிச்சுக்கொண்டு தாழ்ப்பாளை இடப்பக்கம் இழுங்கோ மாமி."

"எந்த இடம்? அவருக்கு இடமோ, எனக்கு இடமோ?"

நல்ல கேள்வி. கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு என் இடம் வலம். நான் அதை விளக்கத் தொடங்கினேன். கண்ணாடிக்கு முன் நிற்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னேன். படலையடியில் வான் கோர்ண் அடித்தது. படலைப் பூட்டின் திறப்பு என் வேட்டி மடியில். கனடாவிலிருந்து வந்தவள் வாசலில் நிற்கிறாள். அம்மா கக்கூஸுக்குள் பூட்டுப்பட்டு நிற்கிறார். இதைக் கண்டால் இன்றைக்கே வானைக் கொழும்புக்குத் திருப்பிவிடுவாள். கோர்ண் மறுபடி அடித்தது. உள்ளே மாமிக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.

"தம்பி" என்று ஒரு குரல் வந்தது. நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. "தம்பி, சும்மா கணக்குப் படிப்பிச்சுக்கொண்டு நிக்காமல் கதவைத் தள்ளுங்கோ. நான் இழுக்கிறன்."

முப்பத்தொரு வருடத்தில் மாமி என்னிடம் சொன்ன முதல் வசனம் அது. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். உள்ளே அவர் இழுத்தார். தாழ்ப்பாள் கழன்றது, கதவு திறந்தது, நான் பாதி உள்ளே போய்விட்டேன். மாமி கைபிடியைப் பிடித்துக்கொண்டு, நான் நிமிரும்வரை காத்திருந்துவிட்டு, என்னைத் தாண்டிப் பொல்லோடு வெளியே வந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு திறந்த முற்றத்துக் கதிரையில் இருந்தார். "போய்ப் படலையைத் திறவுங்கோ" என்றார். ஓடினேன்.

மச்சாள் பரிசோதகர் மாதிரித்தான் வந்தாள். பைப்பைத் திறந்தாள், கைபிடியை ஆட்டினாள், கதவைப் பார்த்து, "அத்தான், உதென்ன சிறைச்சாலையோ?" என்றாள். மனைவியும் பாலோடு வந்து சேர்ந்தாள். எல்லோரும் மாமியைச் சுற்றி நின்றோம்.

"பாத்ரூம் பரவாயில்லை" என்றாள் மச்சாள். "எண்டாலும் அம்மா, அந்த இடத்துக்கு நான் சொல்லி வைச்சிட்டன். ஒரு மாதம் இருந்து பாருங்கோவன். அங்கை எல்லாம் வசதி."

மாமி மேலே வானத்தைப் பார்த்தார். மச்சாளைப் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பி, நேரே என் கண்ணைப் பார்த்தார். ஒரு முழத் தூரத்தில் நின்ற தான் பெற்ற மகளுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

"தம்பி, நான் ஒரு இடமும் போகேல்லை எண்டு உவளுக்குச் சொல்லுங்கோ."